பதிவேட்டில் இல்லாத தரகர்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு வீடு கைமாறும்போது அதில் பலருக்குப் பங்கு உண்டு. முத்திரைத்தாள் விற்பவருக்கு அரசின் உரிமம் வேண்டும். பத்திரம் எழுதுபவருக்கு 1982-ஆம் ஆண்டின் ஆவண எழுத்தர் உரிம விதிகளின்படி உரிமம் வேண்டும். வில்லங்கம் பார்த்துக் கருத்துரை தரும் வழக்கறிஞர் பார் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். வாங்குபவரை அழைத்து வந்து, விலையை முடித்து, முன்பணத்தைக் கைமாற்றி, சார்பதிவாளர் அலுவலக வாசல் வரை எல்லாவற்றையும் நடத்தி வைக்கும் தரகருக்கு எந்த உரிமமும் வேண்டியதில்லை. பதிவு வேண்டியதில்லை. நிலையான முகவரிகூட வேண்டியதில்லை. ஒரு செல்பேசி எண் போதும்.

இந்த நிலை ஆபத்தானது. நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய பணப் பரிமாற்றம் பெரும்பாலும் வீட்டு விற்பனைதான். அதை முன்னின்று நடத்துபவர் எந்த அமைப்புக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். அவர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றால், விலையை மறைத்தார் என்றால், பத்திரங்களைத் திருப்பித் தர மறுத்தார் என்றால், விற்பவர் எங்கே போய் முறையிடுவது? இந்தக் கேள்விக்கு இன்று நேரான பதில் இல்லை.

கேள்வி இந்த மாவட்டத்துக்கு அவசரமானது. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் முதல் சிங்கப்பெருமாள் கோவில் வரையிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம், திருவிடந்தை, நெம்மேலி, பட்டிபுலம் வழியாக மாமல்லபுரம் வரையிலும் கம்பத்துக்குக் கம்பம் 'வீடு விற்பனைக்கு' என்ற தட்டி தொங்குகிறது. தட்டியில் இருப்பது பெரும்பாலும் வீட்டுக்காரரின் எண் அல்ல.

விற்பவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். பணி ஓய்வில் கிடைத்த பணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு முன் மனை வாங்கி வீடு கட்டியவர்கள். பெற்றோர் மறைந்தபின் பங்கு பிரிக்க வேண்டிய வாரிசுகள். விடுமுறைக்கென்று கடற்கரையில் வீடு வாங்கிவிட்டுச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பவர்கள். வாங்க வருபவர் பத்து வீடுகளைப் பார்த்து, விலையை ஒப்பிட்டுவிட்டு வருகிறார். இவர்களோ ஒரே ஒரு முறை விற்கிறார்கள். பக்கத்துத் தெருவில் கடைசியாக எந்த விலைக்குக் கிரயம் முடிந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. தரகருக்குத் தெரியும்.

ரியல் எஸ்டேட் துறைக்குச் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. தரகர், டீலர், இடைத்தரகர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் அவரை 'முகவர்' என்ற வரையறைக்குள் அது கொண்டுவருகிறது. பதிவு செய்யாமல் தொழில் நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்க 62-ஆவது பிரிவு இடம் தருகிறது. கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், பொய் விளம்பரம் செய்யக் கூடாது என்று 10-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது.

ஓட்டை 9-ஆவது பிரிவில் இருக்கிறது. சட்டப்படி பதிவான ஒரு கட்டுமானத் திட்டத்தில், அதன் மேம்பாட்டாளர் விற்கும் மனைக்கோ அடுக்குமாடி வீட்டுக்கோ துணை போகும் முகவர்தான் பதிவு செய்ய வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ஒரு குடும்பம் தான் குடியிருந்த வீட்டை இன்னொரு குடும்பத்துக்கு விற்பது இந்த வட்டத்துக்குள் வரவில்லை. அதே தரகர், அதே நாற்காலியில் அமர்ந்து, காலையில் நிறுவனத்தின் புதிய அடுக்குமாடி வீட்டை விற்கும்போது சட்டத்துக்கு உட்பட்டவர். மாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டை விற்கும்போது அவரை எந்தச் சட்டமும் பதிவேட்டில் தேடாது.

சட்டம் இயற்றியவர்களின் கவலை அன்று வாங்குபவரைப் பற்றியது. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குக் காத்திருந்தவர்களைக் காப்பதே அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. விற்பவரும் ஏமாற்றப்படலாம் என்பதை எட்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் சட்டத்தில் சேர்க்காமல் இருப்பதே குறை.

ஏமாற்று பெரும்பாலும் 'நெட்' விலையில் தொடங்குகிறது. "உங்களுக்கு நெட் எண்பது, மேலே வருவது எங்களுக்கு" என்பது இந்த வட்டாரத்தில் பழகிப்போன பேச்சு. எண்பது லட்சத்துக்கு வீட்டுக்காரர் ஒப்புக்கொள்கிறார். வாங்குபவரிடம் தொண்ணூற்றிரண்டு சொல்லப்படுகிறது. இரு தரப்பும் நேருக்கு நேர் பேசிவிடாமல் பத்திரப் பதிவு நாள் வரை பார்த்துக்கொள்வதே பிறகு முக்கிய வேலையாகிறது. இரண்டு சதவீதத் தரகு என்றால் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு லட்சம் கிடைக்கிறது. (இந்தத் தொழிலில் 'நெட்' என்ற சொல்லுக்கு உள்ள செல்வாக்கு 'ரசீது' என்ற சொல்லுக்கு இல்லை.) விற்பவருக்கு இழப்பு, வாங்குபவருக்குக் கூடுதல் செலவு, நடுவில் எந்தத் தாளும் இல்லை.

இதைச் சட்டம் அனுமதிக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவரின் கடமைகள் தெளிவாக உள்ளன. தம்மை அமர்த்தியவரின் சொற்படி நடக்க வேண்டும்; கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும். அவருக்குத் தெரியாமல் அந்த வியாபாரத்தில் தமக்கென்று ஆதாயம் தேடிக்கொண்டால், 216-ஆவது பிரிவின்படி அந்த ஆதாயத்தையே கேட்டு வாங்க அமர்த்தியவருக்கு உரிமை உண்டு. முறைகேடாக நடந்த பகுதி வேலைக்குத் தரகு கேட்கவும் முகவருக்கு உரிமை இல்லை என்கிறது 220-ஆவது பிரிவு. 150 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட இந்த உரிமைகளை மெய்ப்பிக்கத் தேவையான ஒரு துண்டுச் சீட்டு இன்று விற்பவர் கையில் இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு.

தாள் இருக்கும் இடத்திலோ அது விற்பவருக்கு எதிராக எழுதப்பட்டிருக்கிறது. விலை பேசி முடித்த அன்றே ஒரு லட்சம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் வருகிறது. கூடவே ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்த விற்பனை ஒப்பந்தம் வருகிறது. அதில் கிரயம் பெறுபவரைச் சுட்டும் இடத்தில் 'தாங்களோ தாங்கள் காட்டும் நபரோ' என்று நான்கு சொற்கள் இருக்கும். கெடு ஆறு மாதம் அல்லது பதினொரு மாதம். வாங்குவதாகக் கையெழுத்திட்டவர் குடியேற வந்தவராக இருக்க மாட்டார். தரகரின் ஆளாக இருப்பார், சில வேளைகளில் தரகராகவே இருப்பார். கெடுவுக்குள் கூடுதல் விலைக்கு ஆள் கிடைத்தால் பத்திரம் நேரே அந்த ஆள் பெயருக்குப் போகும். கிடைக்காவிட்டால் கெடுவை நீட்டிக் கேட்பார்கள். மறுத்தால் வழக்கு.

வழக்கு வெறும் மிரட்டல் அல்ல. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் அசையாச் சொத்துக்கான விற்பனை ஒப்பந்தம் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டியது. பதிவு செய்யாத ஒப்பந்தம் செல்லாது என்று நம்பிப் பலர் கையெழுத்திடுகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில், பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும் சான்றாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற மேல்முறையீட்டில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குறிப்பிட்ட நிவாரணச் சட்டத் திருத்தம், ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்வதை நீதிமன்றத்தின் விருப்புரிமையிலிருந்து எடுத்துக் கிட்டத்தட்ட கடமையாக்கிவிட்டது. வழக்குத் தொடரக் கெடு முடிந்தபின்னும் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. வழக்கு நிலுவையில் உள்ள சொத்தை வாங்க எவரும் முன்வருவதில்லை. ஒரு லட்சம் ரூபாயில் ஒரு வீட்டை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போட முடிகிறது.

இதைவிடக் கடுமையானது பவர் பத்திரம். 'அடிக்கடி வந்துபோக வேண்டாம், ஒரு பவர் கொடுத்துவிடுங்கள்' என்ற யோசனை வயதானவர்களிடமும் வெளிநாட்டில் உள்ளவர்களிடமும் முதல் வாரத்திலேயே சொல்லப்படுகிறது. பவரும் விற்பனை ஒப்பந்தமும் மட்டும் சொத்துரிமையை மாற்றிவிடாது, பதிவு செய்த கிரயப் பத்திரமே மாற்றும் என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் விற்கும் அதிகாரத்தோடு பவர் பெற்றவர் அந்தக் கிரயப் பத்திரத்தைத் தாமே எழுதிக் கொடுத்துவிட முடியும். அப்போது கேட்கப்படுவது பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்று. அவர் அந்த விலைக்குச் சம்மதித்தார் என்பதற்கான சான்றை யாரும் கேட்பதில்லை.

பவரைத் திரும்பப் பெறலாம். ஆனால் ரத்து செய்தது முகவருக்குத் தெரிந்த பிறகுதான் அது அவரைக் கட்டுப்படுத்தும்; மூன்றாம் நபருக்குத் தெரிந்த பிறகுதான் அவரைக் கட்டுப்படுத்தும். ஒப்பந்தச் சட்டத்தின் 208-ஆவது பிரிவு இது. மனத்துக்குள் ரத்து செய்வதும் தொலைபேசியில் திட்டுவதும் ரத்து ஆகா. ரத்துப் பத்திரம் பதிவாகி வில்லங்கச் சான்றில் ஏற வேண்டும். முகவருக்கு எழுத்தில் அறிவிப்புப் போக வேண்டும். தலைப்பில் 'ரத்து செய்ய முடியாத பவர்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு அஞ்சுபவர்கள் உண்டு. அந்தச் சொத்தில் முகவருக்கே உண்மையான உரிமை நலன் இருந்தால்தான் அது ரத்து செய்ய முடியாததாகும். தரகு பாக்கி அத்தகைய நலன் ஆகாது.

ரொக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். வீட்டு விற்பனை தொடர்பாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடை செய்திருக்கிறது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான தொகை அபராதம். அபராதம் பணத்தை வாங்கியவருக்கு, அதாவது விற்பவருக்கு. ரொக்கமாக வாங்கச் சொன்ன தரகருக்கு அல்ல. 'எல்லோரும் இப்படித்தான்' என்று சொல்லி முடிச்சை விற்பவர் கையில் கொடுத்துவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.

மாமல்லபுரம் கடற்கரையில் இன்னொரு ஆபத்து சேர்கிறது. 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இந்த ஊரில், பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். 1958-ஆம் ஆண்டின் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தம் இது. கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதிக்கிறது. கழிமுகத்தையும் உப்பங்கழியையும் ஒட்டிய நிலத்துக்கு வேறு வரம்பு உண்டு. திருக்கழுக்குன்றம், திருவிடந்தைப் பக்கங்களில் கோயில் நிலமா என்றும் பார்த்தாக வேண்டும். இவை எதையும் சொல்லாமல், 'இடித்துவிட்டு ரிசார்ட் கட்டலாம்' என்று தரகர் வாங்குபவரிடம் சொல்கிறார்.

அப்படிச் சொன்னதன் பழி விற்பவர் தலையில் விழும். முகவர் தம் வேலையின் போக்கில் சொன்ன பொய், அமர்த்தியவரே சொன்னதாகக் கருதப்படும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 238-ஆவது பிரிவு. சொத்தில் தமக்குத் தெரிந்த குறைகளை வாங்குபவருக்கு வெளிப்படுத்துவது விற்பவரின் கடமை என்கிறது சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. மாமல்லபுரத்தில் தலைமுறையாக வாழ்ந்த குடும்பம், தான் ஒரு நாளும் சொல்லாத வார்த்தைக்காக முன்பணத்தைத் திருப்பித் தந்து, நட்ட ஈட்டு வழக்கையும் எதிர்கொள்ள நேரும். கடற்கரையோரச் சொத்தை விற்க அமர்த்தப்படுபவருக்கு இந்த விதிகள் தெரியுமா என்று சோதிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.

மூலப்பத்திரம் இன்னொரு பிடி. 'பார்ட்டியின் வக்கீலிடம் காட்ட வேண்டும்' என்று அசல் பத்திரங்கள் வாங்கிச் செல்லப்படுகின்றன. வேறொருவர் மூலம் விற்க முனைந்தால் அவை திரும்ப வருவதில்லை. அசல் இல்லாமல் எந்த வங்கியும் வாங்குபவருக்குக் கடன் தராது. காவல் நிலையத்துக்குப் போனால் இது சிவில் விவகாரம் என்ற பதில் வழக்கமாகக் கிடைக்கிறது. நம்பி ஒப்படைத்த பொருளைத் தன்வசமாக்கிக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றமாகலாம் என்பதை முதல் பார்வையிலேயே ஆராய வேண்டிய கடமை காவல் துறைக்கு உண்டு.

தரகர்கள் அனைவரையும் ஒரே கோலால் அளப்பது நியாயமில்லை. வெயிலில் பத்து முறை வீட்டைத் திறந்து காட்டி, பட்டா மாறுதலுக்கு அலைந்து, நின்றுபோன பேச்சை மறுபடி ஒட்டவைத்து, சொன்ன தரகை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு. அவர்கள் அழைத்து வந்த வாங்குபவரோடு பின்வாசல் வழியாகப் பேசி முடித்து, தரகைத் தராமல் ஏய்க்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. வேலை முடிந்தால் கூலி கேட்க ஒப்பந்தச் சட்டம் அவர்களுக்கு உரிமை தருகிறது. மெய்ப்பிக்க அவர்களிடமும் தாள் இல்லை. பதிவும் எழுத்து ஒப்பந்தமும் நேர்மையான தரகருக்கே முதலில் பயன்படும். ஏனென்றால் இன்று அவர் போட்டியிடுவது எந்த விதிக்கும் கட்டுப்படாதவர்களோடு.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று சொல்லப்படலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, தரகு கொடுத்தோ கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ பெற்ற சேவையில் குறை இருந்தால், மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. வீட்டுத் தரகு பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கும். வழி இருக்கிறது. ஆனால் தரகு ரொக்கமாக, ரசீது இல்லாமல், பதிவு முடிந்த கையோடு கொடுக்கப்படுகிறது. சேவையை அமர்த்தினேன், பணம் கொடுத்தேன் என்ற முதல் இரண்டு உண்மைகளையே விற்பவரால் காட்ட முடிவதில்லை. பத்திரத்தில் தரகரின் பெயர் வந்தால், அது பல வேளைகளில் சாட்சிக் கையெழுத்தாகத்தான் வருகிறது.

பொறுப்பு யாருடையது? முதலில் மாநிலச் சட்டமன்றத்துடையது. முகமை ஒப்பந்தங்களும் வேளாண் நிலம் அல்லாத சொத்தின் மாற்றமும் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் பொதுப் பட்டியலில் உள்ளன. மாநிலம் சட்டம் இயற்ற முடியும். ஹரியாணா 2008-லேயே சொத்துத் தரகர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் உரிமம் கட்டாயம் என்று தனிச் சட்டம் இயற்றியது. மத்தியச் சட்டம் வர அப்போது இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. மகாராஷ்டிரத்தில் 2023-இல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாயின. தமிழ்நாடு காத்திருப்பதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை.

நம் வாசகர்கள் பலரின் பிள்ளைகள் வாழும் சிங்கப்பூரில் இது எப்போதோ முடிந்த விஷயம். அங்கே 2010-ஆம் ஆண்டின் சொத்து முகவர் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு விற்பனை முகவருக்கும் பதிவு எண் உண்டு. அதைப் பொதுப் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். ஒரே விற்பனையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரே முகவராக இருக்க முடியாது. வீட்டு விற்பனைப் பணத்தை முகவர் கையில் வாங்கவே கூடாது. பிரிட்டனில் 1979-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையை ஏற்கும் முன்பே தரகு விவரத்தைச் சொல்ல வேண்டும், அந்தச் சொத்தில் முகவருக்குச் சொந்த அக்கறை இருந்தால் வெளிப்படுத்த வேண்டும் என்று விதித்திருக்கிறது. நமது 'நெட்' விலையும் 'காட்டும் நபரும்' அங்கே முதல் நாளிலேயே விதிமீறல் ஆகிவிடும்.

மாநிலம் இயற்ற வேண்டிய சட்டம் நீளமானதாக இருக்க வேண்டியதில்லை. தரகு வாங்கி எந்த வீட்டை விற்றுத் தருபவருக்கும், புதியதோ பழையதோ, பதிவு வேண்டும். வீட்டைக் காட்டும் முன் தரகு எவ்வளவு, எந்தத் தரப்பிடம், எத்தனை மாதத்துக்கு என்பது எழுத்தில் வர வேண்டும். தரகரோ அவர் குடும்பத்தாரோ அந்தச் சொத்தை வாங்க ஒப்பந்தம் போட்டால் அதை வெளிப்படையாக எழுத வேண்டும். மறைத்தால் ஒப்பந்தமே செல்லாததாக வேண்டும். வந்த விலைக் கேட்புகள் அனைத்தும் விற்பவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். புகாரை விசாரிக்கும் அதிகாரம் ஏற்கெனவே உள்ள ஒழுங்குமுறை ஆணையத்துக்கே தரப்படலாம். புதிய அலுவலகம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

சட்டம் வரும் வரை விற்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தரகரின் வேலையில் திருப்தி இல்லை என்றால், அதிகாரத்தை விலக்கிக்கொள்வதாகத் தேதி குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் எழுத வேண்டும். அதுவரை அவர் அழைத்து வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை அதே கடிதத்தில் கேட்க வேண்டும். பின்னாளில் தரகுத் தகராறு வந்தால் அந்தப் பட்டியல் இரு தரப்பையும் காக்கும். கொடுத்த அசல் பத்திரங்களுக்கு ஒப்புகை வாங்க வேண்டும். நகல் போதும் இடத்தில் அசலைத் தரவே கூடாது. பவர் கொடுத்திருந்தால் அன்றே ரத்து செய்து பதிவு செய்ய வேண்டும். அடுத்த தரகரை அமர்த்தும் முன் வில்லங்கச் சான்றைப் புதிதாக எடுத்துப் பார்க்க வேண்டும். முந்தையவர் பெயரில் ஏதேனும் ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும்.

பதிவுத் துறை சட்டமன்றத்துக்காகக் காத்திராமல் ஒன்றைச் செய்யலாம். இத்தாலியில் 2006 முதல், வீட்டுக் கிரயப் பத்திரத்தில் தரகர் இருந்தாரா, அவர் பெயரும் பதிவு எண்ணும் என்ன, அவருக்குக் கொடுத்த தொகை எவ்வளவு, எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதை இரு தரப்பும் உறுதிமொழியாக எழுத வேண்டும். நம் கிரயப் பத்திரத்திலும் அடையாள எண், புகைப்படம், பணம் கைமாறிய விதம், ஆவணம் தயாரித்தவரின் உரிம எண் எல்லாம் ஏற்கெனவே இடம்பெறுகின்றன. ஆவண எழுத்தரின் பெயருக்குக் கீழே தரகருக்கென்று ஒரு வரி சேர்க்க வேண்டும். விற்பவர் கொடுத்த தரகு, வாங்குபவர் கொடுத்த தரகு என்று அந்த வரியில் இரண்டு தொகைகள் இருக்க வேண்டும். வீட்டின் உண்மை விலையை இரு தரப்பும் ஒரே பக்கத்தில், ஒரே நேரத்தில் படிக்கும் இடம் அதுதான். இந்த மாவட்டத்தின் சார்பதிவாளர் அலுவலகங்களில் இதைத் தொடங்குவதற்கு ஒரு சுற்றறிக்கை போதுமா, விதித் திருத்தம் வேண்டுமா என்பதைப் பதிவுத் துறை சொல்லட்டும்.